தன் பேரில் ஒரு பற்று

வேலையை உதறிவிட்டு வந்துவிட்டேன் என்று ஒருவன் சொன்னால், கேட்கிறவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். "அப்படியா! என்ன சொன்னீர்? முதலாளி முகம் எப்படிப் போயிற்று?" என்று ஆவலாக விசாரிக்கிறார்கள். "மறுநாள் காலையில் என்ன செய்தீர்?" என்று யாரும் கேட்பதில்லை. வாழ்க்கையில் உள்ள இந்தக் குறை நம்முடைய கதைகளிலும் இருக்கிறது. ராஜினாமாக் கடிதத்தை நாம் நன்றாக எழுதுகிறோம். ராஜினாமாவை எழுதத் தெரியவில்லை.

சென்ற பங்குனியில் பனமலைக்குப் போயிருந்தபோது இந்த விஷயம் மனத்தில் வெகுவாகச் சுழன்றுகொண்டிருந்தது. விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் நடுவே, ஏரிக்கரையை ஒட்டியிருக்கும் சிறு குன்று பனமலை. மேலே தாளகிரீசுவரர் கோயில் இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவன் ராஜசிம்மன் எடுப்பித்தது. நான் போனது கோயிலுக்காக அல்ல. ஒரு பழைய மனிதரைப் பார்க்க. அதைப் பிறகு சொல்கிறேன். வெயில் தாழட்டும் என்று குன்றின்மேல் ஏறி உட்கார்ந்தேன். பையில் புதுமைப்பித்தன் கதைத் தொகுதி இருந்தது.

அந்தக் கோயிலில் ஒரு சிறு சன்னிதியின் சுவரில் பார்வதியின் ஓவியம் ஒன்று எஞ்சியிருக்கிறது. தலையில் மகுடம், மேலே குடை. ஒரு காலை மடித்து, சுவரில் சாய்ந்தாற்போல் நின்று சிவனுடைய ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆடுகிற சிவன் ஏறக்குறைய அழிந்துவிட்டார். பார்க்கிற அம்மை மட்டும் மிஞ்சினாள். கோயிலின் அடிப்பகுதியைச் சுற்றிக் கிரந்த எழுத்தில் பல்லவ வம்சத்தின் பெருமை வெட்டப்பட்டிருக்கிறது. சித்திரம் எழுதினவன் பேர் எங்கும் இல்லை. கூலி கொடுத்தவன் பேர் கல்லில் நின்றது. வாங்கினவன் கை மட்டும் சுவரில் நின்றது. அந்தக் கைக்காரன் திருப்தியோடு வேலை செய்தானோ, மனம் கசந்து பாதியில் போக நினைத்து நின்றுவிட்டானோ, யார் கண்டார்கள்? இம்மாதிரி ஆட்களின் மனக்கணக்கை எழுதுவதற்குத்தான் கதை என்ற சரக்கு பிற்காலத்தில் உண்டாயிற்று என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

குன்றிலிருந்து பார்த்தால் செஞ்சிப் பக்கத்து மலைகள் நினைவுக்கு வராமல் இராது. செஞ்சி என்றதும் தேசிங்கு ராஜன். இந்தச் சீமையில் அந்தக் கதைப்பாட்டைக் கேட்காமல் வளர்ந்த பழைய தலைமுறை இல்லை. ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லாகான் கப்பப் பாக்கியைக் கேட்கிறான், இளைஞன் தேசிங்கு மறுக்கிறான், 1714இல் யுத்தம், பாராசாரிக் குதிரைமேல் ஏறிப் போய் உயிரை விடுகிறான். கதையின் பளபளப்பை நீக்கிவிட்டுப் பார்த்தால் விஷயம் என்ன? தேசிங்கின் தகப்பனார் சரூப்சிங் மொகலாயப் பாதுஷாவின் கீழ்க் கோட்டை அதிகாரம் பெற்றவர். தேசிங்கு ஓர் உத்தியோகஸ்தரின் மகன். தகராறு, பாக்கிக் கணக்கைப் பற்றியது. அந்தக் கணக்கு நியாயமா, கேட்ட விதம் நியாயமா என்பதுதான் வழக்கு. 'உமக்கு நான் கீழ்ப்படிய மாட்டேன்' என்ற பதில்தான் குதிரை ஏறிற்று. அதாவது, நம் சீமையின் முதல் பெரிய ராஜினாமாக் கதை அது.

அந்தப் பாட்டில் நான் எப்போதும் கவனிப்பது வேறொன்று. தேசிங்கு மட்டுமா செத்தான்? கலியாணப் பந்தலிலிருந்து எழுந்து வந்த சிநேகிதன் மகமத்கானும் செத்தான். சின்னஞ்சிறு ராணி உடன்கட்டை ஏறினாள் என்கிறது கதை; அவள் பேரில்தான் ராணிப்பேட்டை ஏற்பட்டது என்றும் சொல்வார்கள். மானம் ஒருவனுடையது, விலை மூன்று பேருடையது. பாட்டுப் பாடுகிறவன் இதை மறைக்கவில்லை. ஒப்பாரி வைத்து அழுதுதான் பாடுகிறான். நம்முடைய நாவலாசிரியர்கள் குதிரையை மட்டும் எடுத்துக்கொண்டு ஒப்பாரியை விட்டுவிட்டார்கள்.

தொடர்கதைகளில் வேலையை விடுகிற கதாநாயகர்களை நினைத்துப் பாருங்கள். முதலாளியின் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு போகிறான். இரண்டு பக்கத்துக்குக் குறையாமல் பேசுகிறான். கடிதத்தை மேஜைமேல் வீசுகிறான். 'தொடரும்' என்று போட்டு அந்த வாரம் முடிகிறது. அடுத்த வாரம் கடற்கரையில் கதாநாயகி அவனை மதிப்போடு பார்க்கிறாள். நா. பார்த்தசாரதியின் 'பொன் விலங்கு' இந்த ரகத்தில் உயர்ந்தது. கல்லூரி நிர்வாகத்தோடு மோதுகிற விரிவுரையாளன் சத்தியமூர்த்தியை 1960களின் இளைஞர்கள் கொண்டாடினார்கள். அதில் எனக்குப் பொறாமை கூட உண்டு. ஒரு தலைமுறையை நிமிர்ந்து நிற்கச் சொன்ன எழுத்தை இளக்காரமாகப் பேசுவது பாவம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இத்தகைய நாயகர்களுக்குத் துன்பம் உண்டு, தோல்வி உண்டு, பிழை மட்டும் கிடையாது. எல்லாப் பிழையும் மேஜைக்கு அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவனுடையது. படித்து முடிக்கும்போது நமக்கு முதலாளிமேல் கோபம் வருகிறது. நம்மைப் பற்றி ஒரு சந்தேகமும் வருவதில்லை.

ஆர். கே. நாராயண் இந்த அபாயத்தைக் கண்டுகொண்டவர். 1945இல் அவர் ஆங்கிலத்தில் எழுதிய 'தி இங்கிலீஷ் டீச்சர்' நாவலில் கிருஷ்ணன் கல்லூரி உத்தியோகத்தை விடுகிறான். மாதம் நூறு ரூபாய் சம்பளத்தை விட்டுவிட்டு, குழந்தைகள் பள்ளிக்கூடம் ஒன்றில் இருபத்தைந்து ரூபாய்க்குப் போகிறான். முதலில் கல்வி முறையையே கிழித்துப்போடுகிற மாதிரி ஒரு நீண்ட கடிதம் எழுதுகிறான். எழுதியதைத் திரும்பப் படிக்கிறான். அவனுக்கே பிடிக்கவில்லை. அதை ஒதுக்கிவிட்டுச் சொந்தக் காரணம் என்று சாதாரணமாக நான்கு வரி எழுதிக் கொடுத்துவிடுகிறான். நாவலில் எனக்கு மிகப் பிடித்த இடங்களில் இது ஒன்று. கடிதம் நீண்டதாக இருக்கும்வரை அது பிறருக்கு எழுதப்பட்டது. குறுகியபோதுதான் தனக்காக எழுதப்பட்டது. இருந்தாலும் கிருஷ்ணனுக்குக் கொஞ்சம் வசதி உண்டு. கிராமத்தில் பெற்றோர் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொத்து இருக்கிறது. அவனுடைய முதலாளி மோசமானவரும் அல்ல. கையில் ஓலை இல்லாதவன் விலகுவது எப்படி என்பதற்கு அங்கே விடை இல்லை.

அந்த விடையைத் தேடிப் போனால் புதுமைப்பித்தனிடம் வந்து நிற்கிறோம். 'மனித யந்திரம்' என்ற கதையை 1930களில் அவர் எழுதினார். வேலையை விட்டவன் கதை அல்ல அது. விட முடியாதவன் கதை. மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஒரு பலசரக்குக் கடையின் குமாஸ்தா. நாற்பத்தைந்து வருஷமாக அதே கடை, அதே பாதை, அதே பற்று வரவு. ஓர் இரவு கடையைக் கட்டுகிற நேரத்தில் புத்தி திரும்புகிறது. கல்லாவில் இருக்கிற பணத்தை எல்லாம் மடியில் கட்டிக்கொண்டு ரயிலடிக்குப் போகிறார். தூத்துக்குடிக்குப் போய்க் கொழும்புக்குக் கப்பல் ஏறிவிடுவது, பிறகு பெரிய மனுஷராகத் திரும்புவது என்று யோசனை. வண்டியிலும் ஏறி உட்கார்ந்துவிடுகிறார். வண்டி புறப்படுமுன் இறங்கிவிடுகிறார். கடைக்குத் திரும்பி வந்து, பணத்தை வைத்த இடத்தில் வைத்துவிட்டு, அன்றிரவு கைவிட்டுப் போன சில்லறைக் காசைத் தன் பேரில் பற்று எழுதிவிட்டு, முதலாளியிடம் அதைச் சொல்லிச் சாவியைக் கொடுத்துவிடுகிறார். நடந்தது இவ்வளவுதான். முதலாளிக்கு எதுவும் தெரியாது.

இந்தக் கதையை விமரிசகர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி படிக்கிறார்கள். வாழ்க்கை மனிதனை யந்திரமாக்கிவிட்டது. ஓடக்கூட அவனுக்குச் சக்தி இல்லை. பழக்கம் அவனை இழுத்துக்கொண்டு வந்துவிட்டது என்கிறார்கள். தலைப்பே அப்படிச் சொல்கிறதே என்கிறார்கள். நானும் பல வருஷம் அப்படித்தான் படித்தேன். இப்போது எனக்கு அந்தப் படிப்பில் நம்பிக்கை குறைந்துவிட்டது. புதுமைப்பித்தன் தலைப்புக்களை அப்படியே நம்பிவிடக் கூடாது. நமக்கு ஒரு சௌகரியமான அபிப்பிராயத்தைத் தலைப்பில் கொடுத்துவிட்டு, கதையில் அதன் காலை வாரிவிடுகிறவர் அவர். யந்திரம் திரும்பி வரும் என்பது சரி. பணத்தை இருந்த இடத்தில் வைக்கும் என்பதும் சரி. யந்திரம் தன் பேரில் பற்று எழுதுமா?

அந்த ஒரு வரிக் கணக்கை எண்ணிப் பாருங்கள். பிள்ளை அதை எழுதாமல் விட்டிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? நாற்பத்தைந்து வருஷம் பேரேட்டைத் தன் கையில் வைத்திருப்பவருக்குச் சில்லறையை மறைக்க வழியா தெரியாது? கல்லாவையே தூக்கிக்கொண்டு போக நினைத்தவர், சில்லறைக்கு ஏன் கணக்கு எழுதுகிறார்? முதலாளிக்குப் பயந்து என்று சொல்ல முடியாது, பயந்தவன் மறைப்பான். முதலாளிமேல் விசுவாசம் என்றும் சொல்ல முடியாது. விசுவாசி ரயிலடி வரை போகமாட்டான். தன்னுடைய அரைமணி நேரத்துச் சுதந்திரத்துக்கு அவர் தாமே விலை கொடுக்கிறார். கடைச் செலவில் அவர் விடுதலை அடைய விரும்பவில்லை. அந்த எழுத்தில் அடிமைத்தனமும் இருக்கிறது, கௌரவமும் இருக்கிறது. இரண்டையும் பிரிக்க முடியாதபடி பிசைந்து வைத்திருப்பதுதான் ஆசிரியரின் வெற்றி.

மெல்வில் என்ற அமெரிக்க ஆசிரியர் 1853இல் எழுதிய 'பார்ட்டில்பி' கதையை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். வக்கீல் ஆபீஸில் நகல் எழுதுகிற குமாஸ்தா ஒருவன் ஒரு நாள் முதல் வேலை செய்ய மறுக்கிறான். கோபம் இல்லை, காரணமும் சொல்வதில்லை. ஆனால் இடத்தை விட்டு நகரவும் மாட்டான். கடைசியில் ஆபீஸையே வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டு போகிறவர் முதலாளிதான். குமாஸ்தா சிறையில் பட்டினி கிடந்து சாகிறான். அந்தக் கதையைச் சொல்கிறவர் முதலாளி. அவருடைய மனச்சாட்சி கலங்குகிறது. நம்முடைய பிள்ளையின் முதலாளிக்குக் கலங்குவதற்குக் கூட ஒன்றும் இல்லை. கலக்கம் முழுவதும் குமாஸ்தாவுடையது, கணக்கும் அவருடையது. நம் ஊர்க் கடை வீதியில் நியாயம் எந்தப் பக்கத்திலிருந்து எழுதப்படுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

விட முடியாதவனை எழுதிய புதுமைப்பித்தன், வாழ்க்கையில் விட்டவர். 1934இல் 'தினமணி' தொடங்கியபோது டி. எஸ். சொக்கலிங்கம் அதன் ஆசிரியர். 1933இல் 'மணிக்கொடி'யை ஆரம்பித்த மூவரில் அவரும் ஒருவர். புதுமைப்பித்தன் பின்னர் அவர்கீழ் உதவியாசிரியரானார். 1943இல் நிர்வாகத்தோடு வேற்றுமை ஏற்பட்டுச் சொக்கலிங்கம் விலகினார். ஆசிரியர் குழுவில் பலரும் அவரோடு வெளியேறினார்கள். புதுமைப்பித்தன் அவர்களில் ஒருவர். 1944இல் சொக்கலிங்கம் 'தினசரி' என்ற சொந்தப் பத்திரிகையைத் தொடங்கினார். யுத்த காலம், காகிதத்துக்குத் தட்டுப்பாடு, மாதச் சம்பளம் என்பது உயிரைப் போன்றது. அந்த நாளில் ஒரு பத்திரிகை ஆபீஸின் மேஜைகள் ஒரேயடியாகக் காலியாயின என்றால், அதைச் சாமானியமாக எண்ணக் கூடாது. தமிழ்ப் பத்திரிகை உலகத்தின் மானமுள்ள சம்பவங்களில் அதுவும் ஒன்று.

ஆனால் நான் ஆரம்பத்தில் சொன்ன கேள்வியை இங்கேயும் கேட்க வேண்டும். மறுநாள் காலையில் என்ன ஆயிற்று? 'தினசரி'யிலும் புதுமைப்பித்தன் நெடுநாள் இருக்கவில்லை. சினிமாவுக்கு வசனம் எழுதப் போனார். 'பர்வதகுமாரி புரொடக்ஷன்ஸ்' என்று சொந்தமாகப் படக் கம்பெனி வைக்கப் பார்த்தார்; அது கைகூடவில்லை. 'ராஜமுக்தி' படத்துக்காகப் புனாவில் இருந்தபோது காசநோய் முற்றிற்று. 1948இல் திருவனந்தபுரத்தில் காலமானார். வயது நாற்பத்திரண்டு. அவர் மனைவி கமலாவுக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் நூலாக வந்திருக்கின்றன. கமலா விருத்தாசலமும் கதாசிரியை என்பது பலருக்கு மறந்துபோயிற்று. கதைகளில் உலகத்தையே நையாண்டி செய்கிற மனிதர், அந்தக் கடிதங்களில் பணம் எப்போது வரும், எப்போது ஊருக்கு வருவேன் என்று வீட்டுக்குச் சமாதானம் சொல்கிறவராக இருக்கிறார். பத்திரிகை ஆபீஸிலிருந்து நிமிர்ந்து வெளியேறிய மனிதரையும் இந்தக் கடிதங்களின் மனிதரையும் சேர்த்துப் பார்த்தால்தான் ராஜினாமா முழுசாகத் தெரியும்.

அவர் விட்டது தவறு என்றா சொல்கிறேன்? இல்லை. விலைச் சீட்டை மறைக்காதே என்கிறேன். புதுமைப்பித்தன் மறைக்கவில்லை. 'தியாகம் செய்தேன்' என்று கதையில் எங்கும் மார் தட்டிக்கொள்ளவில்லை. அசோகமித்திரனும் அப்படித்தான். 1952இல் ஜெமினி ஸ்டூடியோவில் சேர்ந்தவர், 1966இல் வெளியே வந்து எழுத்தை நம்பி வாழ்ந்தார். 2017இல் மறைகிறவரையில் அவர் எழுதியவற்றில் வீரமான ராஜினாமாக் காட்சியை நான் கண்டதில்லை. ஸ்டூடியோ அனுபவத்திலிருந்து பிறந்த 'கரைந்த நிழல்கள்' 1969இல் வந்தது. அதில் படத் தயாரிப்பு நிர்வாகி நடராஜன், படம் நின்றதும் கதையிலிருந்தே நழுவிவிடுகிறான். பின்னால் யாரோ சொல்லும் செய்தியாக மட்டும் வருகிறான். வேலை போனவர்கள் உலகத்துக்கு அப்படித்தானே தெரிகிறார்கள்? கடிதம் வீசும் நாயகர்கள் ஆயிரம் பேர் சேர்ந்தாலும் அந்த ஒரு மௌனத்துக்கு ஈடாகமாட்டார்கள்.

இவ்வளவு கண்டிப்பாகப் பேசுகிறவன் தன் கணக்கையும் காட்ட வேண்டும் அல்லவா? எனக்கு இருபத்தைந்து வயது இருக்கும். ஒரு ஊரில் அச்சகமும் பதிப்பகமும் சேர்ந்த ஒரு ஸ்தாபனத்தில் பிழை திருத்துகிறவனாக இருந்தேன். அங்கே வயதில் மூத்த பைண்டர் ஒருவர் இருந்தார். பனமலைக்காரர். ஒரு புஸ்தகத்தின் பதினாறு பக்கப் பாரம் ஒன்றில் பக்கங்கள் இடம் மாறி அச்சாகிவிட்டன. ஆயிரம் பிரதியும் மடித்துத் தைத்த பிறகுதான் தெரிந்தது. முதலாளி பைண்டரைக் கூப்பிட்டு, "மடிக்கிறப்போ பார்க்கக் கண் இல்லையா உனக்கு?" என்று எல்லோர் முன்பும் ஏகவசனத்தில் திட்டினார். காகிதச் செலவை அவருடைய வாரக் கூலியில் பிடிக்கச் சொன்னார். நான் குறுக்கிட்டுப் பேசினேன். "உம்ம வேலையைப் பாரும்" என்றார்.

அன்றிரவு நாலு பக்கத்துக்கு ராஜினாமா எழுதினேன். தொழிலாளியின் கண்ணீர், தர்மம், ருஷ்யப் புரட்சி எல்லாம் அதில் இருந்தன. மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். கணக்குப் பிள்ளை அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் கோப்பில் குத்திவிட்டு, "மேஜைச் சாவியும் ஆபீஸ் அகராதியும் இருந்தால் கொடுத்துவிட்டுப் போங்கள்" என்றார். இருபது வருஷமாக இந்தக் கதையை இலக்கியக் கூட்டங்களில் சொல்லி வந்தேன். அகராதி வருகிற இடத்தில் சிரிப்பார்கள்; முடிவில் கை தட்டுவார்கள்.

கூட்டங்களில் சொல்லாத பகுதி ஒன்று உண்டு. அச்சுக்குப் போகுமுன் பாரத்தின் மாதிரித் தாளை மடித்துப் பார்த்து, பக்க எண் வரிசையாக வருகிறதா என்று சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டியவன் நான். அன்று சனிக்கிழமை. கடைசிப் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் மடிக்காமலே கையெழுத்துப் போட்டேன். நாலு பக்கக் கடிதத்தில் எல்லாவற்றையும் எழுதினேன்; இந்த ஒரு வரியை எழுதவில்லை. அப்போது அது எனக்கு ஞாபகமே வரவில்லை என்று வெகுகாலம் என்னை நானே நம்பவைத்தேன். 'மனித யந்திர'த்தை மறுபடியும் படித்த ஒரு நாள், பிள்ளை பற்று எழுதுகிற இடத்தில் புஸ்தகத்தை மூடிவிட்டேன். அதன் பிறகுதான் பனமலைக்குப் பஸ் ஏறினேன்.

வெயில் தாழ்ந்ததும் குன்றைவிட்டு இறங்கி அவர் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கிழிந்த நோட்டுக்களைத் தைத்துக்கொண்டிருந்தார். குரலைக் கேட்டே அடையாளம் கண்டுகொண்டார். காப்பி வந்தது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன்.

"அண்ணே, அந்தப் பாரத்தை மடிச்சுப் பாக்காம கையெழுத்துப் போட்டது நான்தான்."

"தெரியும் தம்பி. கையெழுத்துப் போட்ட தாளு என் மேசையிலதானே கெடந்துச்சு."

"பின்னே அன்னைக்கே ஏன் சொல்லல?"

அவர் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டார். "சொன்னா உங்க வேலை போயிடுமேன்னு பாத்தேன். நீங்க என்னடான்னா நீங்களே போயிட்டீங்க" என்று சிரித்தார்.

"நான் போனப்புறமாவது சொல்லியிருக்கலாமே?"

"எப்படித் தம்பி சொல்றது? எனக்காக வேலைய விட்டவருன்னு ஆபீசு முழுக்கப் பேச்சு. அதைப் போய் யாராவது கெடுப்பாங்களா?"

எனக்குப் பேச வாய் எழவில்லை. சற்று நேரம் கழித்து, கூலியில் எவ்வளவு நாள் பிடித்தார்கள் என்று கேட்டேன். ஒன்பது மாசம் என்றார். பிறகு, ஏதோ சின்ன விஷயத்தைச் சொல்கிற மாதிரிச் சொன்னார்: "கணக்குத் தீர்ந்த வாரமே நானும் நின்னுட்டேன். 'இனிமே வரலைங்க'ன்னு சொன்னேன், அவ்வளவுதான். பாக்கி இருக்கறப்ப நின்னா, கடனுக்குப் பயந்து ஓடிட்டான்னு பேசுவாங்க இல்ல? அவரு பேசின பேச்சுக்கு அங்க இருக்கக் கூடாதுன்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். தீக்கிறதுக்கு ஒன்பது மாசம் ஆச்சு."

இருபது வருஷமாக நான் சொல்லி வந்த கதையில் அவர் பரிதாபத்துக்கு உரிய பாத்திரம். வாய் இல்லாதவர், அவருக்காகப் பேசியவன் நான். உண்மையில் அந்த ஸ்தாபனத்தில் கொள்கைக்காக வேலையை விட்டவர் ஒருவர்தான், அது நானல்ல. ஏகவசனத்தைப் பொறுக்க மாட்டேன் என்ற தீர்மானத்தை ஒன்பது மாசம் மடியில் கட்டிக்கொண்டு, தன்னுடையது அல்லாத கடனை வாரா வாரம் கட்டி முடித்து, ஒரே வாக்கியம் சொல்லிவிட்டுப் படி இறங்கினார். மீனாட்சிசுந்தரம் பிள்ளையால் போக முடியவில்லை. என்னால் இருக்க முடியவில்லை. இவர் இருந்து காட்டிவிட்டுப் போனார்.

அந்தப் பணத்தை நான் கொடுத்துவிடுகிறேன் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். தலையை நிமிர்த்தாமலே, "அதெல்லாம் எழுதித் தீத்தாச்சு தம்பி. காப்பியைக் குடிங்க, ஆறுது" என்றார். தீர்ந்தது அவர் கணக்கு. என்னுடையது அல்ல.

வேலையை விடுகிறவனைப் பற்றி எழுதப் போகிற இளம் நண்பர்களுக்கு இதைத்தான் சொல்லத் தோன்றுகிறது. முதலாளி கெட்டவராக இருக்கலாம், பெரும்பாலும் இருக்கிறார். அவமானத்தைச் சகித்துக்கொண்டு இரு என்று சொல்லும் இலக்கியம் நமக்கு வேண்டாம். அதை உபதேசிக்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் உங்கள் நாயகன் படி இறங்கும்போது அவன் பின்னால் மேஜையில் என்ன கிடக்கிறது என்று திரும்பிப் பாருங்கள். அவன் வேலையை இனி யார் சேர்த்துச் செய்கிறார்கள்? அவன் கோபத்துக்கு வீட்டில் யார் அரிசியைக் குறைத்து அளக்கிறார்கள்? அவன் கடிதத்தில் விட்டுப்போன வரி எது? இந்த மூன்றையும் எழுதிய பிறகும் அவன் தலை நிமிர்ந்து நின்றால், அவன் தேசிங்கு ராஜனைவிடப் பெரியவன். எழுதினதும் தலை குனிந்துவிட்டால், குனியட்டும். வாசகன் அவனை அப்போதுதான் நம்புவான்.

கடைசிப் பஸ் வருகிற நேரம் ஆகிவிட்டது. நண்பர் ஏரிக்கரை வரையில் வந்து வழியனுப்பினார். கூட்டங்களில் சொல்லி வந்த கதையை இனிச் சொல்வதற்கில்லை. சொல்ல நேர்ந்தால், இங்கே எழுதியிருக்கிறபடிதான் சொல்ல வேண்டும்.